பெரிய பையனுக்குப் பந்து எங்கே கிடைக்க வேண்டும்? பாஸ்கெட்பால் தாக்குதலில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடியில் ஒரு சிமென்ட் கோர்ட்டில் சாயங்காலப் பயிற்சி நடத்துகிறேன். வெயில் காலத்தில் ஐந்தரை மணிக்கு முன்னால் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அப்போதே ஆறடி மூன்று அங்குலம், இப்போது ஆறடி ஆறு. உயரத்தோடு கைப்பழக்கமும் உண்டு. பந்தைத் தட்டிக்கொண்டு வருவான், ஓடுகிறவனைப் பார்த்துப் பாஸ் கொடுப்பான், ரிங்குக்கு நேரெதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து ஷாட் விழும். இப்படி ஒரு பையன் கிடைப்பது எந்தப் பயிற்சியாளருக்கும் பெரிய கொடுப்பினை.

அவனை நான் முதல் வருடம் முழுக்க ரிங்குக்கு அடியில் நிறுத்தி வைத்தேன். "உயரமான பயல அடியில நிறுத்துங்க சார், பந்தைத் தூக்கிப் போட்டா முடிஞ்சுது" என்று கோர்ட் ஓரத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன். அந்த வருடம் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் முதுகில் இரண்டு பேரின் முழங்கையும், நடுவரின் விசிலும்தான். பையன் ஆட்டத்தை வெறுத்துவிடுவானோ என்று பயந்த பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வேலை தெரிந்த பெரிய பையன் தாக்குதலில் தடுமாறினால், கோளாறு பெரும்பாலும் பந்து அவன் கைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். எந்த இடத்தில் வாங்கினான், கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது, மற்ற நாலு பேர் எங்கே நின்றார்கள் என்பதைப் பாருங்கள். பையனைத் திருத்துவது அதற்கப்புறம்தான்.

மருந்துக்கு முன்னால் ஒரு நோட்டு

ஒரு ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருக்கும் பையன் ஒருவனிடம் நோட்டும் பேனாவும் கொடுங்கள். பெரியவன் பந்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் குறிக்கட்டும்: வாங்கிய இடத்துக்கு ஒரு புள்ளி, ஒரு தாக்குதலுக்குக் கிடைக்கும் 24 நொடியில் மிச்சம் எத்தனை, அடுத்து என்ன ஆனது. ஷாட் கடிகாரம் இல்லாத கோர்ட்டில் கையில் ஸ்டாப்வாட்ச் போதும். இருபது புள்ளி சேர்ந்ததும் படத்தைப் பாருங்கள். எங்கள் நோட்டில் இருபதில் பதினாறு புள்ளி ரிங்கிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருந்தன, பாதிக்கு மேல் கடைசி ஏழு நொடியில் வந்தவை. வேறு வழியே இல்லாதபோது பந்தை அவன் தலையில் கட்டியிருக்கிறோம் என்று அந்தப் படம் சொன்னது.

இன்னொன்று, கோர்ட்டின் கோடுகளையும் சரிபாருங்கள். 2010-இல் சர்வதேச விதி மாறியது. மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குப் போனது, சரிவகமாக இருந்த பெயிண்ட், அதாவது ரிங்குக்கு முன்னால் கோடு போட்டுக் காட்டிய பகுதி, 4.9 மீட்டர் அகலச் செவ்வகமானது. எங்கள் கோர்ட்டில் பழைய கோடு ரொம்ப நாள் அழிக்கப்படாமல் இருந்தது. பெரியவனை எங்கே நிறுத்துவது என்று பேசும்போது அரை மீட்டர் பெரிய விஷயம். ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி நாங்களே போட்டுக்கொண்டோம்.

அறிகுறி: பந்து கைக்கு வந்ததும் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் சூழ்ந்துகொள்கிறார்கள்

இதுதான் எல்லா இடத்திலும் முதலில் தெரியும் அறிகுறி.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் அணியின் இன்னொரு உயரமான ஆள் எங்கே நிற்கிறான் என்பது. பெரும்பாலும் அவனும் பெயிண்ட்டின் எதிர்ப்பக்கத்தில் நிற்பான். அவனைக் காவல் காப்பவன் ஒரே எட்டில் உங்கள் பையன் மேல் வந்து விழுகிறான். அவன் வருவதற்குக் காரணம் நீங்கள் அவனை அங்கே கூட்டி வந்ததுதான்.

நம் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பில் நின்றால் வளவு (நடு முற்றம்) தாண்டி, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை பார்வை போகும். நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், நடுவில் யாரும் சாமான் போட மாட்டார்கள். கல்யாண நாளில் வளவில் ஐம்பது பேர் நின்றால் அதே வீட்டில் பக்கத்து அறைக்குப் போக வழி கிடைக்காது. பெயிண்ட்டும் அப்படித்தான். அதைக் காலியாக விட்டால்தான் பார்வையும் பந்தும் போகும். எங்கள் பையன்களுக்கு இதை ஒரு தடவைதான் சொன்னேன். அன்றிலிருந்து யாராவது உள்ளே தேங்கி நின்றால் "வளவுல நிக்காத" என்று அவர்களே கத்திக்கொள்கிறார்கள்.

மாற்ற வேண்டியது இரண்டு. பெரியவன் பந்து வாங்கும் இடத்தை எல்போவுக்கு, அதாவது ஃப்ரீ த்ரோ கோடும் பெயிண்ட்டின் பக்கக்கோடும் சேரும் மூலைக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து ரிங் ஏறக்குறைய 5 மீட்டர். ஷாட்டும் போடலாம், ஒரே தட்டில் உள்ளேயும் போகலாம், கோர்ட் முழுவதும் கண்ணில் படும். அடுத்து, பின்கோட்டோரம் இருக்கும் இரண்டு கார்னர்களிலும் ஆள் நிற்க வேண்டும். கார்னரில் மூன்று புள்ளிக் கோடு ரிங்கிலிருந்து 6.60 மீட்டர்தான், நேர் எதிரே இருப்பதைவிடக் கிட்டத்தில். கார்னரில் நிற்பவனை விட்டு வரும் காவலாளி ரொம்ப தூரம் திரும்ப ஓட வேண்டும். அவன் யோசிக்கும் அந்த ஒரு நொடி உங்கள் பையனுக்குப் போதும்.

இரண்டு உயரமானவர்களையும் சேர்த்து ஆட வைத்தே ஆக வேண்டும் என்றால் அமெரிக்காவின் NBA போட்டியில் ஆடும் கிளீவ்லாண்ட் அணியைப் பாருங்கள். எவான் மோப்லியும் ஜாரட் ஆலனும் சேர்ந்து நின்றால் இடம் நெருக்குகிறது என்று சில வருடம் பேச்சு இருந்தது. 2024-25 பருவத்தில் கென்னி ஆட்கின்சன் பயிற்சியாளராக வந்து மோப்லியின் கையில் பந்தை அதிகம் கொடுத்தார். அந்தப் பருவம் அந்த அணிக்கு 64 வெற்றி. இருவரில் யார் பந்தோடு மேலே இருப்பது, யார் பின்கோட்டோரம் காத்திருப்பது என்று தெளிவாகப் பிரித்துவிட்டால் இரண்டு பேரும் சுமையாக மாட்டார்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அடுத்த ஆட்டத்தில் இரண்டாவது ஆள் அவன் மேல் வருவதற்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள். பந்து கைக்கு வந்த பிறகு ஒரு தட்டு தட்டவோ, திரும்பி ரிங்கைப் பார்க்கவோ அவகாசம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: எல்போவில் வாங்குகிறான், அப்புறம் பந்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நிற்கிறான்

இடம் சரி, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. பல வேலை தெரிந்த பையனுக்கு இது அதிகம் வரும், ஏனென்றால் அவனிடம் ஆறு யோசனை இருக்கிறது. "பாத்து ஆடுடா" என்று கத்தினால் ஏழாவது யோசனை சேரும், அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரு வரிசை கொடுங்கள். நான் கொடுத்தது இது: முதலில் ரிங். காவலாளி ஒரு கை தூரத்துக்கு மேல் விலகி நின்றால் ஷாட். ஒட்டி நின்றால் அடுத்த பார்வை ரிங்கை நோக்கி வெட்டி ஓடுபவன் மேல். அதுவும் இல்லையென்றால் பக்கத்தில் வரும் கார்டுக்கு, அதாவது பந்தைக் கொண்டு வரும் ஆட்டக்காரனுக்கு, ஹேண்ட்-ஆஃப்: கையிலேயே கொடுத்துவிட்டு அவன் காவலாளிக்கு முன்னால் உடம்பை நிறுத்துவது. மூன்றே பார்வை, வரிசை மாறாது. இரண்டு மாதம் ஆனதும் அவனே வரிசையை மாற்றிக்கொள்வான். அப்போது தடுக்காதீர்கள்.

இதில் ஹேண்ட்-ஆஃப்தான் மிகவும் குறைவாக மதிக்கப்படும் ஆயுதம் என்று நினைக்கிறேன். 2019-20 பருவத்தில் மியாமி அணியில் பாம் அடெபாயோ பந்தோடு நிற்பார், டங்கன் ராபின்சன் அவரைச் சுற்றி ஓடி வந்து வாங்குவார். ராபின்சன் அந்தப் பருவத்தில் 270 மூன்று புள்ளி ஷாட் போட்டார், அணி இறுதிச் சுற்று வரை போனது. அடெபாயோவின் உடம்பு ஒரு சுவர், கை ஒரு பாஸ், இரண்டும் ஒரே நொடியில். காவலாளிகள் இருவரும் ஓடுகிறவன் பின்னால் போனால் பந்தைக் கொடுக்காமல் தானே ரிங்குக்குத் திரும்பிவிடுவார். பையன்களுக்கு அந்தப் பொய்க் கொடுப்பையும் அன்றே சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் எதிரணி இரண்டாவது குவார்ட்டரில் கண்டுபிடித்துவிடும்.

நின்று யோசிக்கும் பழக்கம் போக ஒரு பயிற்சி: பெரியவன் பந்து வாங்கும்போது நீங்கள் ரிங்குக்கு அடியில் நின்று ஒரு கையை உயர்த்துங்கள். விரல் எத்தனை என்று சொல்லிவிட்டுத்தான் அவன் அடுத்த வேலையைச் செய்ய வேண்டும். வாங்கும்போதே கண் ரிங் பக்கம் திரும்பப் பழகும். எங்கள் பையனுக்கு மூன்று வாரத்தில் பழகியது.

அறிகுறி: அவன் பந்து வாங்கினால் மற்ற நாலு பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள்

டென்வர் அணியின் பெரிய ஆள் நிகோலா யோகிச்சைப் புகழும்போது அவர் பாஸைத்தான் புகழ்கிறோம். 2014-இல் NBA-வின் புதுமுகத் தேர்வில் 41-வது ஆளாகத் தேர்வு செய்யப்பட்ட அவர் மூன்று முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கி, 2023-இல் டென்வருக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அவர் ஆட்டத்தை யூடியூபில் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஓடுகிறவர்களைப் பாருங்கள். அவர் கைக்குப் பந்து போகும்போதே ஒருவர் வெட்டி ஓட ஆரம்பித்திருப்பார். ஓட்டம் இல்லாமல் அந்தப் பாஸ் பிறக்காது.

எங்கள் விதி ஒன்றுதான்: பந்தைப் பெரியவனுக்குக் கொடுத்தவன் அதே இடத்தில் நிற்கக் கூடாது. ரிங்கை நோக்கி வெட்டுவான், அல்லது எதிர்ப்பக்கம் போய் இன்னொருவனுக்கு ஸ்கிரீன் வைப்பான், அதாவது அவன் காவலாளியின் வழியை உடம்பால் மறிப்பான். நின்றால் உடனே வெளியே கூப்பிட்டுவிடுவேன். இரண்டு பேரைக் கூப்பிட்ட பிறகு யாரும் நிற்கவில்லை.

அறிகுறி: பிக் அண்ட் ரோல் ஆடினால் ஒன்றும் நடப்பதில்லை

பந்து வைத்திருப்பவனுக்கு ஸ்கிரீன் வைத்துவிட்டு, அப்படியே திரும்பி ரிங் பக்கம் ஓடுவதுதான் பிக் அண்ட் ரோல். இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

ஸ்கிரீனிலேயே கோளாறு என்றால் விசில் வரும். ஸ்கிரீன் வைப்பவன் தரையில் இரண்டு காலும் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். நம் பையன்கள் காவலாளி விலகியதும் இடுப்பையும் தோளையும் சாய்ப்பார்கள், அது ஃபவுல். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். பந்து வைத்திருக்கும் கார்டும் ஸ்கிரீன் நிலைக்கும் வரை காத்திருந்து, தோளோடு தோள் உரசிப் போக வேண்டும். கார்டு அவசரப்பட்டு முன்னால் ஓடுவதால்தான் பெரியவன் நகர்ந்து நகர்ந்து ஃபவுல் வாங்குகிறான். விசில் பெரியவனுக்கு, தவறு கார்டுடையது.

ஸ்கிரீன் நன்றாக இருந்தும் பலன் இல்லையென்றால் ரோலைப் பாருங்கள். சாதாரண சென்டர், அதாவது ரிங்குக்கு அருகில் ஆடும் பெரிய ஆள், ஸ்கிரீன் வைத்துவிட்டு நேராக ரிங்குக்கு ஓடுவான். அங்கே கூட்டம். பாஸும் ட்ரிப்ளிங்கும் தெரிந்த பையன் பாதி வழியில், ஃப்ரீ த்ரோ கோட்டருகில் நின்று பந்து வாங்கலாம். ஷார்ட் ரோல் என்பார்கள். இதைக் கற்றுக்கொள்ள கோல்டன் ஸ்டேட் அணியில் டிரேமண்ட் கிரீன் ஆடியதைப் பாருங்கள். தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட் போடும் சக ஆட்டக்காரர் ஸ்டீபன் கர்ரிக்குப் பயந்து இரண்டு பேர் அவர்மேல் போவார்கள். பந்து உடனே கிரீனுக்கு வரும். அப்போது அவருக்கு முன்னால் மூன்று காவலாளிகள், நம் பக்கம் நாலு பேர். பின்காவலாளி மேலே ஏறினால் ரிங்குக்கு மேல் தூக்கிப் போடும் பாஸ் (லாப்), கார்னர்காரன் உள்ளே வந்தால் கார்னருக்குப் பாஸ், யாருமே வராவிட்டால் தானே ரிங் அருகே போய் லே-அப். கிரீன் பெரிய உயரமும் இல்லை, 2012-இல் 35-வது ஆளாகத் தேர்வானவர். முடிவெடுக்கும் வேகம்தான் அவர் சொத்து.

பயிற்சியில் நாலுக்கு மூன்று ஆட விடுங்கள். பெரியவன் ஃப்ரீ த்ரோ கோட்டில் பந்தோடு தொடங்குவான், ஒரே தட்டு, இரண்டு நொடிக்குள் முடிவு. பத்து தடவையில் ஏழு தடவை சரியான ஆள் கைக்குப் பந்து போனால் ஆட்டத்தில் கொண்டுவரலாம். ஷாட் விழுந்ததா என்று கணக்குப் பார்க்காதீர்கள், சரியான ஆளா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: எதிரணி ஜோன் போட்டால் பையன் காணாமல் போகிறான்

பள்ளி, கல்லூரி அளவில் உயரமான ஆளைப் பார்த்த உடனே 2-3 ஜோன்தான் போடுவார்கள், அதாவது ஆளுக்கு ஆள் காக்காமல் இடத்தைக் காப்பார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். பின்னால் இருக்கும் மூன்று பேர் நடுவில் உங்கள் பையனை நிறுத்தினால் அவன் காணாமல் போகாமல் என்ன செய்வான்?

2-3 ஜோனுக்கு நடுவில் ஓட்டை இருக்கிறது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில், ஃப்ரீ த்ரோ கோட்டின் நட்ட நடுவில். அங்கே நிறுத்துங்கள். பின்வரிசை நடு ஆள் மேலே வந்தால் பின்கோட்டோரம் நிற்கும் நம் ஆளுக்குப் பந்து. வரவில்லையென்றால் ஷாட். முன்வரிசை இருவரும் அவனைக் கவ்வ வந்தால் வெளியே நிற்கும் கார்டு தனியாக இருக்கிறான். அந்த இடத்தில் பந்து ஒருமுறை போனாலே ஜோன் சுருங்கும், அதனால் முதல் பாஸை அங்கே கொடுங்கள். நாலு பாஸ் சுற்றிவிட்டு அல்ல. பெயிண்ட்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பதால் கோட்டுக்கு வெளியே கால் வைத்துக் காத்திருந்து, பாஸ் வரும்போது உள்ளே எட்டு வைக்கப் பழக்குங்கள்.

எங்கள் பையன் முதன்முதலாக இப்படி ஆடிய ஆட்டத்தில் அவன் போட்ட புள்ளி எட்டுதான். அவன் பாஸில் மற்றவர்கள் போட்டது இருபதுக்கு மேல். கோர்ட் ஓரத்தில் ஒருவர் "பய இன்னைக்கு ஆடவே இல்லையே" என்றார். நான் அவரை உட்கார வைத்து நோட்டைக் காட்டினேன்.

அறிகுறி: மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே தங்கிவிட்டான், ரீபவுண்டுக்கு (விழாமல் திரும்பும் பந்துக்கு) வருவதில்லை

ஷாட் கற்றுக்கொடுத்த பிறகு வரும் வியாதி இது. ஷாட்டைப் பறிக்காதீர்கள். புரூக் லோபஸ் தன் முதல் எட்டுப் பருவங்களில் மொத்தமே மூன்று மூன்று-புள்ளி ஷாட்தான் போட்டிருந்தார். 2016-17 பருவத்தில் மட்டும் 134 போட்டார். பெரிய ஆள் எந்த வயதிலும் கற்கலாம்.

ஆனால் இடத்துக்கு ஒரு விதி வேண்டும். பையன் ஸ்கிரீன் வைத்துவிட்டு வெளியே வந்தால் ஷாட் சரி. தொடக்கத்திலிருந்தே வெளியே நின்று காத்திருப்பது வேண்டாம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஷாட் போனால் அவன் உள்ளே ஓட வேண்டும். தாக்குதலில் பிடிக்கும் ரீபவுண்டுக்குக் கடிகாரம் 14 நொடிக்குத் திரும்பும், அது இன்னொரு தாக்குதல். ஃப்ரீ த்ரோவில் பத்துக்கு ஏழு விழாத பையனை வெளியே அனுப்ப நான் அவசரப்பட மாட்டேன். முதலில் கோட்டில் நின்று கை பழகட்டும்.

அறிகுறி: ரீபவுண்ட் பிடித்ததும் கார்டைத் தேடி நிற்கிறான், ஃபாஸ்ட் பிரேக் (எதிரணி திரும்புவதற்குள் ஓடும் வேகத் தாக்குதல்) செத்துவிடுகிறது

ட்ரிப்ளிங் தெரிந்த பையனென்றால் தானே கொண்டு வரட்டும். ஒரு நிபந்தனை, நடுக்கோடு தாண்டி ஆள் குறுக்கே வந்தால் பந்தை விட்டுவிட வேண்டும். கார்டுகள் பந்துக்குத் திரும்பி வராமல் இரண்டு ஓரமும் ஓட வேண்டும். இதில் முதல் மாதம் பந்து பறிபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் பந்தே அவனுக்கு வருவதில்லை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்ற எல்லாவற்றையும் சரிசெய்த பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது. எல்போவில் நிற்கிறான், கை நீட்டுகிறான், கார்டு பார்க்கவே இல்லை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2023-24 பருவத்தில் விக்டர் வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்கு வந்தபோது, இயல்பில் ஃபார்வர்டான (கார்டுக்கும் சென்டருக்கும் இடைப்பட்ட ஆள்) ஜெரமி சோஹனை, ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக வைத்துப் பார்த்தார்கள். வெம்பன்யாமா இன்னொரு பெரிய ஆளோடு சேர்ந்து ஃபார்வர்டாக ஆடினார். டிசம்பரில் அவரைச் சென்டருக்கு மாற்றினார்கள். அப்புறம் டிரே ஜோன்ஸ் என்ற பழகிய கார்டைத் தொடக்க அணியில் சேர்த்தார்கள். அதன் பிறகு அவர் ஆட்டம் கண்ணுக்குத் தெரிய லேசானது, அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகமும் அவர்தான். பையன் அதே பையன். பந்து கொடுக்கத் தெரிந்த கை பக்கத்தில் வந்தது.

எங்கள் கார்டு அவனைவிட ஒரு வயது மூத்தவன், ஐந்தடி ஏழு. கேட்டேன். "அவன் எப்பக் கேக்குறான்னே தெரியல சார். கையத் தூக்கிட்டே நிக்கிறான். எப்பவும் தூக்கிட்டே நின்னா எப்பக் குடுக்கறது?" என்றான். நியாயமான கேள்வி.

அதனால் தினமும் பயிற்சி முடிந்ததும் பதினைந்து நிமிடம் இவர்கள் இருவரும் மட்டும். கார்டு மேலே பந்தோடு, பெரியவன் பின்கோட்டிலிருந்து எல்போவுக்கு ஓடி வருவான். வாங்கத் தயாரென்றால் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தக் கையை மட்டும் விரித்துக் காட்ட வேண்டும். காவலாளி மேலேறி ஒட்டிவிட்டால் கையை மூடிவிட்டு அப்படியே ரிங்குக்குத் திரும்பி ஓடுவான், பந்து அவன் தலைக்கு மேல் போக வேண்டும். பேச்சே கூடாது. முதல் வாரம் பாதிப் பந்து கோர்ட்டுக்கு வெளியே புதருக்குள் போனது. ஒரு நாள் இருட்டும் நேரம், மூடிய கை, திரும்பிய ஓட்டம், உயரப் பந்து மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, பெரியவன் காற்றிலேயே வாங்கி ரிங்குக்குள் போட்டான். "அண்ணே, இன்னொரு தடவ" என்று பின்கோட்டுக்கு ஓடினான். அன்றைக்கு லைட் போட்டு ஏழரை வரைக்கும் ஆட விட்டேன்.